கரடியார் அடைக்காத ஓட்டை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. 'இருந்தது' என்று சொன்னால் அலுவலகத்தில் கோபித்துக்கொள்வார்கள். காட்டு விளைபொருள் கூட்டுறவுக் கிடங்குக்கு அதுதான் மேலாளர். ஆகவே திருத்திச் சொல்கிறேன்: ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தார். பெயர் மாசிலாமணி.

கிடங்கு என்றால் வேறொன்றும் இல்லை, மலையடிவாரத்தில் ஒரு குகை. அணில் கொண்டுவரும் வேர்க்கடலை, மான் கொண்டுவரும் நெல்லி வற்றல், குரங்கு கொண்டுவரும் பலாக்கொட்டை எல்லாம் அதற்குள் போகும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஒன்றரை மாதத்துக்கு யாரும் வெளியே போய் இரை தேட முடியாது. அப்போது கிடங்கைத் திறந்து அவரவர் பங்கைக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தக் குட்டியும் பட்டினியாகத் தூங்கக் கூடாது. மேலாளரின் வேலையே இவ்வளவுதான். இதை மாசிலாமணி மனசார நம்பினார். மற்ற விஷயங்களில் அவர் எப்படியோ, இந்த ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது.

குகை வாசலில் ஒரு பாறாங்கல் கிடந்தது. கரடி தள்ளினால் நகரும், மற்றவர் தள்ளினால் நகராது. இருபது வருஷமாக அதுதான் பாதுகாப்பு. ஒரு நாளும் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருந்ததுதான் அதன் பெருமை என்று இப்போது தெரிகிறது.

கிடங்கு மேலாளர்களின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனபோதுதான் வினை வந்தது. பக்கத்துக் காட்டு மேலாளர் ஒரு காட்டெருமை. அவர் இலைச் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க கிடங்குல புதுக் கதவு போட்டாச்சு. ஆள் முகத்தைப் பார்த்துத் தானா திறக்குது. நீங்க இன்னும் கல்லைத்தான் உருட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

மாசிலாமணிக்கு அதற்கப்புறம் பாயசம் இறங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி குத்திக்கொண்டே வந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எழுத்தர் அணிலைக் கூப்பிட்டார். எழுத்தரின் பெயர் கோமளம். மூன்று குட்டிகளுக்குத் தாய். அவளுடைய வேர்க்கடலையும் அந்தக் கிடங்கில்தான் இருந்தது.

"கோமளம், நாமும் மாறணும்."

"எதுக்கு சார்?"

"காலத்துக்கு ஏத்த மாதிரி."

"அந்தக் கல்லு என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

பதில் இல்லாதபோது என்ன செய்ய வேண்டுமோ அதை மாசிலாமணி செய்தார், ஒரு குழு அமைத்தார். குழுவுக்குத் தலைவர் அவரே. உறுப்பினரும் அவரே. குழு ஒரே மனதாகக் கூடி, புதுக் கதவு வேண்டும் என்று முடிவு செய்தது.

புதுச் சாதனம் எதையும் பொருத்துவதற்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும் என்பது வனப் பேரவையின் விதி. பேரவை ஒரு நரியை அனுப்பியது. பெயர் பொன்னுரங்கம். வந்தவர் காபி, டீ எதுவும் வேண்டாம் என்றார். அப்போதே மாசிலாமணிக்கு அவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. நரி அரை நாள் குகையைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்தார். பிறகு ஒரே ஒரு ஓலையை நீட்டினார். அதில் இப்படி எழுதியிருந்தது:

"பின்சுவரில் பெருச்சாளி வளை இருக்கிறது. உள்ளே வரை போகிறது. கல்லும் களிமண்ணும் வைத்து அடைக்கவும். அரை நாள் வேலை. முன்வாசல் கல் நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்."

மாசிலாமணி ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"படம் கிடம் எதுவும் இல்லையா? வட்டமா ஒண்ணு போட்டு, கலர் அடிச்சு..."

"ஓட்டையே வட்டமாத்தான் சார் இருக்கு. வேணும்னா வரைஞ்சு தரேன்."

மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. நரி என்றால் தந்திரம் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினால் எப்படி நம்புவது? இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஓட்டைக்கு மண் பூசியதை ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தில் போடுவது? அதற்கு ரிப்பன் வெட்ட முடியுமா? போட்டோ எடுத்தால் சேறுதான் தெரியும். ஓலையின் ஓரத்தில் 'பார்த்தேன், அடுத்த காலாண்டில் ஆவன செய்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தேன்தண்ணீர் டம்ளரை அதன் மேல் வைத்தார். மேசை கறைபடாமல் இருக்க அப்படி ஒரு ஓலை அவருக்கு ரொம்ப நாளாகத் தேவைப்பட்டது.

அடுத்து வந்தவர் மயில் சிங்காரம். முகம் பார்க்கும் கதவு விற்பவர். இரண்டு டீ குடித்தார், மேலாளரின் ரோமம் என்ன பளபளப்பு என்று ஆச்சரியப்பட்டார், அப்புறம் தோகையை விரித்தார். தோகையில் நூறு கண். ஒவ்வொரு கண்ணாகக் காட்டி மயில் பேசப் பேச, மாசிலாமணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. இந்த மாதிரிச் சமயங்களில் கேட்பதற்கென்றே அவர் ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருந்தார். இருபது வருஷமாக எல்லாக் கூட்டத்திலும் அதைத்தான் கேட்பார்.

"இது பிற்காலத்துக்கும் ஒத்து வருமா?"

"பிற்காலத்துக்குன்னே பண்ணது சார்! எப்படி சார் கரெக்டா அந்தப் பாயிண்டைப் பிடிச்சீங்க?" என்றார் மயில்.

கோமளம் வாலைத் தூக்கினாள். "மழைக்காலத்துல ரிப்பேர் ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்?"

"மேடம், ரொம்ப நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு மயில் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டார். "டெக்னிக்கல் பேசும்போது குறுக்கே பேசாதே," என்று மாசிலாமணி எழுத்தரை அடக்கினார்.

விதிப்படி மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்க வேண்டும். "அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்கு சார்," என்று மயிலே மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றும் ஒரே இறகால், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். அந்த உழைப்பை மாசிலாமணி மதித்தார்.

கடைசியாக ஒரு படிவம். பாதுகாப்பு எந்த அளவு வேண்டும்: சாதாரணம், நடுத்தரம், உச்சம். மேலாளராக இருப்பவர் நடுத்தரத்தில் டிக் அடிப்பாரா? உச்சத்தில் அடித்தார். உச்சம் என்றால், ஐந்து முறை முகம் பொருந்தாவிட்டால் கதவு நாற்பது நாள் பூட்டிக்கொள்ளும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று மயில் நினைத்துவிடுவாரே என்று போடவில்லை.

அவசரத்துக்குக் கதவைத் திறக்க ஒரு ரகசியச் சொல்லும் கேட்டார்கள். யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டுமாம். மாசிலாமணி யோசித்து யோசித்துப் பதினாறு எழுத்தில் அர்த்தமே இல்லாத ஒன்றைத் தயாரித்தார். அதை அவராலேயே இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை. ஆகவே ஓலையில் எழுதி, சிவப்பு நூல் கட்டினார். இதை எங்கே வைப்பது? இந்தக் காட்டிலேயே பாதுகாப்பான இடம் எது? கிடங்குதான். அதையும் கொண்டுபோய்க் கிடங்குக்குள் வைத்தார். சிரிக்காதீர்கள். கதை சொல்கிறவன் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்பது எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும்.

நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டார்கள். வாழை மரம் கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். அதற்குள் மயில் சிங்காரம் மாலையை வாங்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் பறந்துவிட்டார். ஆகவே சந்தனம், குங்குமம் வைக்கும்போது பார்த்துச் சொல்ல ஆளில்லை. யந்திரத்தில் பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக ஒரே ஓர் இடம்தான் இருந்தது, நெற்றிக்கு நடுவே, கண்ணாடி போலப் பளபளவென்று. மாசிலாமணி தம் கையாலேயே அங்கே சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

அந்த வருஷம் மழை பத்து நாள் முந்திவிட்டது. மறுநாள் காலையிலேயே கொட்ட ஆரம்பித்து, காடு முழுக்கக் கிடங்கு வாசலில் வந்து நின்றது. மாசிலாமணி கம்பீரமாக முன்னால் போய் முகத்தைக் காட்டினார்.

"மன்னிக்கவும். தங்கள் முகம் பொருந்தவில்லை," என்றது கதவு. குரல் ரொம்ப இனிமையாக இருந்தது.

ரோமத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி காட்டினார். பொருந்தவில்லை.

"சார், கதவு முகம் பார்க்கிற அந்தக் கண்ணுல சந்தனம் காய்ஞ்சு கிடக்கு. துடைச்சிரட்டுமா?" என்றாள் கோமளம்.

"பூஜை போட்ட பொட்டு. மூணு நாளைக்குக் கலைக்கக் கூடாது, அபசகுனம். நீ முகத்தைக் காட்டு."

கோமளம் காட்டினாள். பொருந்தவில்லை. குரங்கு காட்டியது. பொருந்தவில்லை. ஒருவேளை சிடுசிடுவென்று இருப்பதுதான் காரணமோ என்று நினைத்து, மாசிலாமணி பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஐந்தாவது முறை முகத்தைக் காட்டினார். உள்ளே ஏதோ கடகடவென்று ஓடி நின்றது. அப்போதுதான் அவர், அபசகுனமாவது ஒன்றாவது என்று இரண்டு கையாலும் சந்தனத்தைத் துடைத்தார்.

"வணக்கம், மாசிலாமணி அவர்களே," என்றது கதவு. "தங்களை அடையாளம் கண்டுகொண்டோம். முப்பத்தொன்பது நாள், இருபத்துமூன்று மணி, ஐம்பத்தெட்டு நிமிடம் கழித்து வரவும்."

யானை வந்து தள்ளிப் பார்த்தது. கதவு நல்ல கதவு, அதைச் சொல்லியாக வேண்டும், அசையவே இல்லை. மயிலைத் தேடி ஆள் அனுப்பினார்கள். மேகத்தைப் பார்த்த மயில் சும்மா இருக்குமா? பாறை மேல் ஆடிக்கொண்டிருந்தவர், ஆட்டத்தை நிறுத்தாமலே பதில் சொல்லி அனுப்பினார்: "மழைக்காலத்துல நாங்க சர்வீஸ் பண்றதில்லையே. எங்களுக்கு சீசன். வாரண்டி அட்டையை எடுத்து வைங்க, தை மாசம் வரேன்." வாரண்டி அட்டையும் கிடங்குக்குள்தான் இருந்தது.

மூன்று நாள் போயிற்று. மேலாளர் தம் அறையில் உட்கார்ந்து அந்தப் பதினாறு எழுத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். முதல் எழுத்து 'ழ' என்று மட்டும் ஞாபகம். கோமளம் நனைந்து போய் உள்ளே வந்தாள். வழக்கமாகப் படபடவென்று பேசுகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"சார், பிள்ளைங்க மூணும் நேத்துல இருந்து ஒண்ணுமே சாப்பிடல. பெரியது ரெண்டும் அழுதுட்டே இருக்கு. சின்னது அழக்கூட மாட்டேங்குது சார்."

மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு பாறாங்கல் செய்துகொண்டிருந்த வேலையைக் கெடுத்தவன் நான்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேறு யாராவது ஒருவர் மேல் பழி போட முடியுமா என்றும் பார்த்தார். குழுவில் இருந்தது அவர் ஒருவர்தான். தேன்தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினார். அடியில் நரியின் ஓலை இருந்தது. டம்ளரின் ஈரம் பட்டுப் பட்டு 'பெருச்சாளி வளை' என்ற எழுத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. படம் இல்லையே என்று கேட்டாரே, அந்தப் படம்.

மழையில் விழுந்தடித்துக்கொண்டு குகையின் பின்பக்கம் ஓடினார். வளை அப்படியே இருந்தது. வாயில் ஒரு வேர்க்கடலையோடு பெருச்சாளி வீராசாமி வெளியே வந்துகொண்டிருந்தான். மேலாளரைக் கண்டதும் கடலை கீழே விழுந்தது.

"வணக்கம் சார். அடைக்கவா வந்தீங்க?"

மாசிலாமணி சேற்றில் மண்டியிட்டார். "அடைக்க இல்ல வீராசாமி. இதைக் கொஞ்சம் அகலப்படுத்தித் தரணும்."

வீராசாமி அவரை மேலும் கீழும் பார்த்தான். "அதுக்கு எழுத்துல ஆர்டர் வேணும் சார். நாளைக்கு யாராவது கேட்டா, நான் திருடினதா ஆயிடும்."

திருடனுக்கு இருந்த எச்சரிக்கை தமக்கு இல்லாமல் போயிற்றே என்று மேலாளர் நொந்துகொண்டார். ஓர் இலையைப் பறித்து அங்கேயே ஆர்டர் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

"உள்ளே சிவப்பு நூல் கட்டி ஒரு ஓலை இருக்குமே, பார்த்தியா?"

"அது முக்கியமான ஓலையா சார்?" வீராசாமி தலையைச் சொறிந்தான். "பூஜை அன்னிக்கே தின்னுட்டேன். நூல்தான் பாக்கி."

வீராசாமி வளையைத் தோண்டி அகலமாக்கினான். கோமளம் உள்ளே போனாள். முதல் கடலையை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே தன் மரத்துக்கு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து மரத்தின் மேலிருந்து மூன்று குரல் கேட்டது. சின்னதின் குரல்தான் பலமாக இருந்தது. மாசிலாமணி அந்த மழையில் நின்றபடியே அழுதார். மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அதிர்ஷ்டம்.

பிறகு மீதி முப்பத்தேழு நாளும் கிடங்கு பின்பக்கம்தான் நடந்தது. கரடியார் வளையருகே நனைந்துகொண்டு நின்று அவரவர் பங்கைக் கையில் கொடுத்தார். ஒரு குட்டியும் பட்டினியாகத் தூங்கவில்லை. நாற்பத்தோராம் நாள் வெயில் வந்தது. முன்கதவு தானாகத் திறந்து, "நல்வரவு," என்றது. உள்ளே ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் மாசிலாமணிக்கு வேலை போயிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

பக்கத்துக் காட்டிலும் அதே மயிலின் அதே கதவு, ஆயுத பூஜையன்று அப்பிய அதே சந்தனம், அதே நாற்பது நாள். ஆனால் காட்டெருமை, அங்கேயும் சோதனைக்குப் போன நரியின் அறிக்கையைப் படித்து, பின்சுவர் ஓட்டையை ஒழுங்காக அடைத்துவிட்டிருந்தார். மழை முழுவதும் அவர்கள் வேரைத் தோண்டித் தின்றார்களாம். வனப் பேரவைத் தலைவர் சிங்கம் இரண்டு காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மாசிலாமணிக்கு 'இடர்க்காலத்தில் இடைவிடாச் சேவை' விருது அறிவித்தார். ஓட்டைகளை அடைக்கச் சொன்ன குற்றத்துக்காகப் பொன்னுரங்கத்துக்கு மெமோ கொடுத்தார். முன்வாசல் கல்லை மாற்ற வேண்டாம் என்றும் நரி எழுதியிருந்தாரே என்று கேட்பீர்கள். அது அறிக்கையின் கடைசி வரி. அவ்வளவு தூரம் யாரும் படிக்கவில்லை.

விருது விழாவில் மாசிலாமணி மைக் முன்னால் வந்து நின்றார். கூட்டத்தின் கடைசியில் நரி தெரிந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் ஒரு முட்டாள்," என்றார். "அந்த ஓட்டையை நான் திட்டம் போட்டு வைக்கல. சோம்பேறித்தனத்துல விட்டேன். நரி சொன்னதுல ஒரு எழுத்தும் தப்பு இல்ல. கல்லை மாத்தினது நான். பொட்டு வெச்சதும் நான்."

கைதட்டல் அடங்கவே இல்லை. "என்ன அடக்கம் பார்த்தீங்களா!" என்று சிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓட்டைக்கு 'மாசிலாமணி பின்வழி' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். வீராசாமிக்குத் தொப்பி கொடுத்துப் பாதுகாப்பு அதிகாரியாக்கினார்கள். அந்த வழியில் அவனுக்குத்தான் அனுபவம் அதிகம். மயில் சிங்காரம் எல்லாக் காட்டுக்கும் பின்வழி அமைத்துத் தருவதாக மூன்று கொட்டேஷனோடு வந்திருந்தார்.

விழா முடிந்ததும் கரடி நரியைத் தேடிப் போனார். "என்னை மன்னிச்சிடுங்க."

"அது கிடக்கட்டும் சார்," என்றார் பொன்னுரங்கம். "அந்த ஓட்டை இப்ப நானே நுழையுற அளவுக்கு ஆயிடுச்சு. அடுத்த மழைக்கு உள்ளே எதுவும் மிஞ்சாது. இப்பவாவது அடைச்சிடுங்க. முன்னாடி அந்தக் கல்லையும் பழையபடி வெச்சிடுங்க."

மாசிலாமணி இந்த முறை கேட்டார். நிஜமாகவே கேட்டார். அன்றைக்கே கதவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாறாங்கல்லை உருட்டி வைத்தார். கல்லும் களிமண்ணும் தாமே சுமந்துகொண்டு பின்பக்கம் போனார். வீராசாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சல்யூட் அடித்தான்.

"எழுத்துல ஆர்டர் இருக்கா சார்? விருது வாங்கின இடம். பேரவை அனுமதி இல்லாம கை வைக்கக் கூடாது."

மேலாளர் உடனே பேரவைக்கு ஒரு ஓலை எழுதினார். பின்சுவரில் பெரிய ஓட்டை இருக்கிறது, கிடங்குக்கு ஆபத்து, அடைப்பது அரை நாள் வேலை. இவ்வளவுதான் எழுதினார். படம் எதுவும் போடவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். கோமளம் புது வேர்க்கடலையைக் கொண்டுவந்து கிடங்கில் போட்டபோதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஐப்பசிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் எழுதிய ஓலையே திரும்பி வந்தது. ஓரத்தில் சிங்கத்தின் கையெழுத்து: 'பார்த்தேன், அடுத்த காலாண்டில் ஆவன செய்க.'

ஓலையின் நடுவில் வட்டமாக ஒரு டம்ளர் கறை இருந்தது.

நீதி: ஓட்டையை அடைக்கச் சொன்னவனுக்கு மெமோ, அடைக்காமல் விட்டவனுக்கு மாலை. ஆகவே, அறிக்கை எழுதுகிறவர்கள் டம்ளர் வைக்கத் தோதான அகலத்தில் எழுதி அனுப்பவும்.